உயிர் தோன்றியதோ? – தோற்றக் கொள்கைகளும் திருவாய்மொழியில் ஒரு சொல்லும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம்மாழ்வார் அருளிச்செய்த திருவாய்மொழியில் நான்காம் பத்தின் பத்தாம் திருவாய்மொழி, திருக்குருகூர் ஆதிப்பிரானைப் பற்றியது. அதன் முதற்பாசுரத்தில் ஆழ்வார் ஸ்ருஷ்டிக்கு முந்திய நிலையிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார். தேவர்களும் இல்லை, உலகங்களும் இல்லை, உயிர்களும் இல்லை, மற்றெதுவும் இல்லை என்று சொல்லும்படியாக இருந்த அக்காலத்தில், நான்முகனையும் தேவர்களையும் உலகங்களையும் உயிர்களையும் படைத்தவன் எவனோ, அவன் திருக்குருகூரிலே நின்றருளாநிற்க, நீங்கள் வேறு தெய்வம் தேடித் திரிவானேன் என்று உலகோரைப் பார்த்துக் கேட்கிறார். இது பாசுரத்தின் திரண்ட பொருள்.

அயல்நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்காக இணையவழியே நடக்கும் வகுப்பொன்றில் அடியேன் இப்பாசுரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டான்: “ஸ்வாமி, பூமியில் உயிர் ரசாயனத்தால் தோன்றியது என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. ஆழ்வார் பெருமாள் படைத்தார் என்கிறார். இரண்டில் எது சரி?” அடியேன் சற்றும் ஆலோசியாமல், “முதல் உயிர் எப்படி வந்தது என்பதை விஞ்ஞானிகளால் இன்றளவும் சொல்ல முடியவில்லை. ஆகவே படைத்தவர் பெருமாளே” என்று விடை சொன்னேன். அவன் விட்டபாடில்லை. “அப்படியானால் நாளைக்கு அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும், ஸ்வாமி?” என்றான்.

அடியேனுக்கு அன்று மறுமொழி இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வகுப்பை முடித்தேன். அந்த ஒரு வாரத்தில் ஸ்ரீபாஷ்யத்தைப் புரட்டியபோது, அடியேன் சொன்ன விடை நம் ஸம்ப்ரதாயத்துக்கே ஒவ்வாதது என்பது தெரிந்தது. நம் வீடுகளில் பலரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் விடையும் அதுவே ஆகையால், அன்று கற்றதை இங்கே விண்ணப்பிக்கிறேன்.

1. பண்டைய பக்ஷங்கள்

உயிர் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி புதியதன்று. நம் தேசத்தில் அதற்குப் பல விடைகள் இருந்தன. அவற்றுள் மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது சார்வாக பக்ஷம். நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்கள் தக்க அளவில் கூடினால் அறிவு பிறக்கிறது. கூட்டம் கலைந்தால் அறிவும் அழிகிறது. உடலுக்கு வேறாக ஆத்மா என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் கொள்கை. வெற்றிலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, மூன்றையும் சேர்த்து மெல்லும்போது தோன்றுவதை இதற்கு உதாரணமாகக் காட்டுவர்.

இரண்டாவது வைசேஷிக பக்ஷம். அழிவற்ற பரமாணுக்கள் இரண்டு கூடி த்வ்யணுகமாகின்றன; அவை மூன்று கூடி த்ர்யணுகமாகின்றன; இப்படியே உடலும் உலகும் கட்டப்படுகின்றன. பரமாணுக்களில் முதல் அசைவு எப்படி உண்டாயிற்று என்று கேட்டால், அத்ருஷ்டத்தால், அதாவது ஜீவர்களுடைய புண்ய பாபங்களால் என்பர். இவர்கள் ஆத்மாவை நித்யம் என்று ஒப்புக்கொண்டவர்கள்.

மூன்றாவது ஸாங்க்ய பக்ஷம். ஸத்வம், ரஜஸ், தமஸ் என்னும் மூன்று குணங்களையுடைய ப்ரக்ருதி தானாகவே மஹத்தாகவும் அஹங்காரமாகவும் பூதங்களாகவும் பரிணமிக்கிறது; புருஷன் அருகே இருந்தால் போதும், நடத்துவதற்கு ஈச்வரன் வேண்டா என்பர். அறிவில்லாத பால் கன்றின் பொருட்டுத் தானே சுரப்பது போல என்பது அவர்கள் காட்டும் உதாரணம்.

இம்மூன்று பக்ஷங்களுக்கும் விடை நம் தர்சனத்தில் உண்டு. ஆளவந்தார் ஆத்மஸித்தியில், ஆத்மா உடலும் அல்லன், இந்த்ரியங்களும் அல்லன், மனமும் அல்லன், ப்ராணனும் அல்லன், அறிவு மாத்ரமும் அல்லன் என்று ஒவ்வொன்றாக எடுத்து விலக்கி ஸ்தாபித்தருளினார். ஸாங்க்ய, வைசேஷிக பக்ஷங்களை ப்ரஹ்ம ஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயம் இரண்டாம் பாதம் விசாரிக்கிறது. பால் உதாரணத்தையும் ஸூத்ரகாரர் எடுத்துக்கொண்டு, அவ்விடத்திலும் ஈச்வரனுடைய நியமனம் உண்டு என்று காட்டுகிறார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்ஷத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துரைத்து, பிறகே பரிசோதிப்பது நம் ஆசார்யர்கள் வழக்கம். இன்றைய விஞ்ஞானிகள் சொல்வதையும் அவ்வாறே முதலில் உள்ளபடி கேட்போம்.

2. இன்றைய பக்ஷங்கள்

அழுகிய இறைச்சியில் புழுக்கள் தானே உண்டாகின்றன என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். 1668-ல் இத்தாலிய வைத்தியர் ஃப்ரான்செஸ்கோ ரெடி, இறைச்சித் துண்டுகளைச் சில பாத்திரங்களில் திறந்தும் சில பாத்திரங்களில் மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். ஈக்கள் உட்காரக்கூடிய திறந்த இறைச்சியிலேயே புழு உண்டாயிற்று. பிறகு 1860-களின் தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர், அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த குழாயுடைய கண்ணாடிக் குடுவைகளில் சாற்றைக் கொதிக்கவைத்து வைத்தார். காற்று உட்புகுந்தது, தூசியும் கிருமியும் வளைவிலேயே தங்கின, சாறு கெடவில்லை. கழுத்தை முறித்தபின் கெட்டது. நுண்கிருமியும் முன்னுள்ள நுண்கிருமியிலிருந்தே வருகிறது என்பது இதனால் நிலைபெற்றது.

ஆயின் முதல் நுண்ணுயிர் எதிலிருந்து வந்தது? பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்ணுயிர்ப் படிவுகள் பாறையாக இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன என்பதே கேள்வி. இதற்கு முக்கியமாக நான்கு விடைகள் சொல்லப்படுகின்றன.

ஒன்று, ஆதி நீர்நிலைக் கொள்கை. சிறியதொரு வெந்நீர்க் குட்டையில் உப்புகளும் ஒளியும் வெப்பமும் மின்சாரமும் கூடிப் புரதம் உண்டாகியிருக்கலாமோ என்று சார்லஸ் டார்வின் 1871-ல் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் ஊகித்தார். 1924-ல் ரஷ்யாவில் ஓபாரினும், 1929-ல் இங்கிலாந்தில் ஹால்டேனும் அதைத் தனித்தனியே விரித்தார்கள். இந்த ஹால்டேனே 1957-ல் பாரத தேசத்துக்கு வந்து குடியேறி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் யூரேயின் மாணவரான ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, மின்னலுக்கு ஈடாக மின்பொறியை ஒருவார காலம் செலுத்தினார். புரதங்களின் உறுப்புகளான அமினோ அமிலங்கள் சில அதில் உண்டாயின. ஆதி பூமியின் காற்று அவர் எடுத்துக்கொண்ட கலவையைப் போன்றதன்று, பெரும்பாலும் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே என்று பின்னர் பலர் கருதினர். எனினும் உயிர்ப்பொருளின் உறுப்புகள் உயிரற்ற பொருளிலிருந்து எளிதில் உண்டாகக்கூடும் என்பது அச்சோதனையால் தெளிவாயிற்று.

இரண்டு, ஆர்.என்.ஏ. கொள்கை. உயிரணுவில் டி.என்.ஏ. எழுத்தோலை போன்றது, புரதம் வேலையாள் போன்றது. ஓலையைப் படியெடுக்க வேலையாள் வேண்டும். வேலையாளை உண்டாக்க ஓலை வேண்டும். எது முந்தியது? இது பீஜாங்குர ந்யாயம் போன்ற சிக்கல். 1980-களில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் ஆர்.என்.ஏ. என்னும் பொருள் ஓலையாகவும் வேலையாளாகவும் இருக்கவல்லது என்று கண்டு, 1989-ல் நோபல் பரிசு பெற்றார்கள். உயிரணுக்களில் புரதம் கட்டும் ரைபோசோமின் மையமும் ஆர்.என்.ஏ.வே என்பது பிறகு தெரிந்தது. ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், தில்லைத் திருச்சித்ரகூடம் அமைந்த சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஆனால் அந்த ஆர்.என்.ஏ. ஆதியில் தானே எப்படி உண்டாயிற்று என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

மூன்று, கடலடி ஊற்றுக் கொள்கை. 1977-ல் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகளும், அவற்றைச் சுற்றி வெயில் காணாத உயிர்க்கூட்டங்களும் காணப்பட்டன. 2000-ல் அட்லாண்டிக் கடலில் காரத்தன்மையுள்ள வேறுவகை ஊற்றுகள் கிடைத்தன. அவற்றின் கற்சுவர்களிலுள்ள நுண்துளைகளே உயிரணுவின் முதல் வடிவாக இருந்திருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். முதலில் தோன்றியது ஓலையன்று, ஆற்றலை வாங்கிச் செலவிடும் இயக்கமே என்பது இவர்கள் பக்ஷம்.

நான்கு, விண்வித்துக் கொள்கை. வேறிடத்துத் தோன்றிய உயிர்வித்து விண்வெளி வழியே பூமிக்கு வந்தது என்று ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னார். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் பல காணப்பட்டன. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023-ல் பூமிக்குக் கொண்டுவந்த மண்ணில், நம் உடலின் புரதங்களுக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களில் 14-ம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் வேண்டிய ஐந்து அடிப்படை மூலக்கூறுகளும் இருந்தன என்று 2025-ல் அறிவித்தார்கள். விண்ணிலிருந்து வந்தவை உறுப்புகளே என்றால் இது முந்திய கொள்கைகளுக்குத் துணையாகும். உயிரே அங்கிருந்து வந்தது என்றாலோ, அங்கே அது எப்படித் தோன்றியது என்னும் கேள்வி அப்படியே நிற்கும். நம் தர்க்க நூலார் இதை அநவஸ்தை என்பார்கள்.

இந்நால்வரும் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் எடுத்தும் ஆள்கிறார்கள். இன்று முடியாதது நாளை முடியலாம். அந்தப் பிள்ளையின் கேள்வியில் இருந்த வலிமை இதுவே.

3. பாஷ்யகாரர் தள்ளிய வாதம்

“விஞ்ஞானிகளுக்குத் தெரியவில்லை, ஆகவே பெருமாள்” என்பது ஓர் அநுமானம். காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தக்க கர்த்தாவைக் காணோம். ஆகவே ஈச்வரனே கர்த்தா என்பது அதன் வடிவம். குடத்துக்குக் குயவன் இருப்பது போல உலகுக்கு ஈச்வரன் இருக்கவேண்டும் என்று நையாயிகர்கள் சொல்லும் வாதத்துக்கு இது உறவு.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், ப்ரஹ்ம ஸூத்ரத்தின் மூன்றாம் ஸூத்ரமான சாஸ்த்ரயோநித்வ அதிகரணத்தில், இந்த அநுமானத்தை விரிவாக எடுத்துக்கொண்டு தள்ளுகிறார். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டது என்பதற்கு அநுமானத்தில் ஆதாரம் எங்கே? மாளிகையும் கோபுரமும் பலர் கூடிப் பலகாலம் கட்டியவையாகக் காண்கிறோமே. மேலும் குயவனை உதாரணமாகக் கொண்டால், குயவனுக்கு உடல் இருப்பது போல ஈச்வரனுக்கும் கர்மத்தால் வந்த உடலும் குறையறிவும் உண்டு என்றல்லவா முடியும்? ஆகவே எம்பெருமானை அறிவதற்கு ப்ரமாணம் சாஸ்த்ரமே; அநுமானத்தால் மட்டும் அவனை நிலைநாட்ட முடியாது என்று ஸ்தாபித்தருளினார்.

இவ்விடத்தைப் படித்தபோது அடியேனுக்கு வெட்கமே உண்டாயிற்று. பாஷ்யகாரர் நையாயிகரிடம் வேண்டாமென்று விலக்கிய ஆயுதத்தைப் போலொன்றை அடியேன் எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறேன். விஞ்ஞானிகளின் அறியாமை எம்பெருமான் இருப்புக்கு ப்ரமாணம் ஆகாது. அப்படி ஆக்கினால், அவர்கள் ஒவ்வொன்றாக அறிய அறிய நம் பிள்ளைகளின் விச்வாஸமும் ஒவ்வொரு படியாகக் கரையும்.

4. உயிர் என்னும் சொல்

இனிப் பாசுரத்துக்கு வருவோம். உயிர் இல்லாத காலம் ஒன்று இருந்தது, பிறகு உயிர் படைக்கப்பட்டது என்று ஆழ்வார் அருளுகிறார். ஆனால் ஜீவாத்மா நித்யன், அவனுக்குப் பிறப்பும் இறப்பும் இல்லை என்பது வேதாந்தத்தின் துணிபு. ஆழ்வார் வாக்கும் வேதாந்தமும் மாறுபடுமோ? மாறுபடா.

ப்ரளய காலத்தில் சேதநரும் அசேதநமும் அழிந்துபோவதில்லை. பெயரும் வடிவும் இன்றி, இன்னது என்று பிரித்துச் சொல்லமுடியாதபடி மிக நுட்பமாய் எம்பெருமானோடு ஒன்றிக் கிடக்கின்றனர். கரணமும் களேபரமும் இல்லாமையால், அறிவுடைய ஜீவனும் அறிவற்ற பொருளைப் போலவே கிடக்கிறான். இந்த நிலையே ‘இல்லை’ என்று சொல்லப்படுகிறது. ஸ்ருஷ்டி என்பது இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்குவதன்று. நுட்பமாய்க் கிடந்ததற்குப் பெயரும் வடிவும் கொடுப்பது. ஜீவனுக்கு அவனவன் கர்மத்துக்கு ஈடாக உடலையும் இந்த்ரியங்களையும் கொடுத்து, சுருங்கிக் கிடந்த அவன் ஞானத்தை மலரச்செய்வது.

ஆகவே ‘உயிர் தோன்றியது’ என்னும் ஒரே வாக்யத்துக்கு இரண்டு பொருள் உண்டு. உயிரியல் நூலில் உயிர் என்பது உண்டு, வளர்ந்து, தன்னைப் போன்றதொன்றை உண்டாக்கவல்ல ஓர் உடலமைப்பு. அந்த அமைப்புக்குத் தொடக்கம் உண்டு. நம் தர்சனத்தில் உயிர் என்பது ‘நான்’ என்று தனக்குத் தானே தோன்றும் சேதநன். அவனுக்குத் தொடக்கம் இல்லை. உடலோடு சேர்வதற்கே தொடக்கம். மில்லரின் கண்ணாடிக் கலமும் பென்னுவின் மண்ணும் பேசுவது முதற்பொருளைப் பற்றி. முதன்முதல் உடல் எந்தக் குட்டையில், எந்த ஊற்றில், எந்தப் பொருள்களால் அமைந்தது என்பது அசேதநத்தின் பரிணாமத்தைப் பற்றிய கேள்வி. அசேதநம் பரிணமிக்கும் என்பதை நாம் எக்காலத்தும் மறுத்ததில்லை.

காரணம் மூவகை. குடத்துக்கு மண் உபாதான காரணம். குயவன் நிமித்த காரணம். தண்டமும் சக்கரமும் ஸஹகாரி காரணம். விஞ்ஞானிகள் ஆராய்வது மண்ணின் குணமும் சக்கரத்தின் சுழற்சியும். நம் ஸித்தாந்தத்திலோ மூன்று காரணமும் எம்பெருமானே. நுட்பமான சித்தையும் அசித்தையும் சரீரமாக உடையவனாகையால் உபாதானமும், பலவாக ஆகக்கடவேன் என்று ஸங்கல்பிப்பவனாகையால் நிமித்தமும், ஞானம் சக்தி முதலியவற்றை உடையவனாகையால் ஸஹகாரியும் அவனே. மண்ணுக்கு வெளியே நிற்கும் குயவனைப் போல அவன் உலகத்துக்கு வெளியே நிற்பவன் அல்லன். ஆகவே மண்ணின் தன்மையைப் பற்றி எவ்வளவு தெரிந்தாலும் அவனுக்கு இடம் குறையாது.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் அத்யாயத்தில் உத்தாலகர் தம் பிள்ளை ச்வேதகேதுவுக்கு இதையே உபதேசிக்கிறார். தேஜஸ், நீர், அன்னம் என்னும் மூன்றும் உண்டானபின், பரதேவதை ஜீவனோடுகூட அவற்றுள் புகுந்து பெயரையும் வடிவையும் விரிப்பதாக ஸங்கல்பித்தது என்கிறது அவ்விடம். பொருள்கள் சேர்ந்தமையும் சொல்லப்பட்டது. உள்ளே புகுந்தமையும் சொல்லப்பட்டது. முன்னதை ஆய்வுச்சாலையில் காணலாம். பின்னதைக் காண அங்கே கருவி இல்லை. பின்பு உத்தாலகர் ஆலம்பழத்தைப் பிளக்கச் செய்து, அதன் விதையையும் பிளக்கச் செய்து, என்ன காண்கிறாய் என்று கேட்கிறார். ஒன்றும் காணவில்லை என்கிறான் மகன். நீ காணாத அந்த நுட்பத்திலிருந்தே இப்பெரிய மரம் நிற்கிறது என்கிறார். இன்றைய பிள்ளை அவ்விதையில் டி.என்.ஏ.வைக் காண்பான். அதனால் உத்தாலகர் சொன்னது பொய்யாகாது. பிளப்பது ஒருபடி மேலும் போயிற்று, அவ்வளவே.

5. இரு பக்கத்துப் பிழைகள்

இங்கே நாம் தவிர்க்கவேண்டிய பிழைகள் இரண்டு.

ஒன்று, சாஸ்த்ரத்தை ஆய்வுச்சாலைக் குறிப்பாகப் படிப்பது. நான்முகனுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். பூமியின் வயது 454 கோடி. ஆகவே விஞ்ஞானம் நம் சாஸ்த்ரத்தை ஒப்புக்கொண்டது என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. முன்னது ஒரு கல்பத்தின் அளவு. பின்னது பாறைகளையும் விண்கற்களையும் அளந்து கண்டது. இரண்டும் ஒன்றையே அளப்பன அல்ல. நாளை பின்னது மாறினால் முன்னதும் பொய் என்போமோ? உபநிஷத்து ஸ்வேதஜம் என்று ஈரத்தில் பிறப்பனவற்றையும் ஒருவகையாகச் சொல்கிறது. ரெடியின் சோதனையோ புழுவும் முட்டையிலிருந்தே வருகிறது என்றது. இதனால் வேதத்துக்குக் குறை வந்ததாக மயங்க வேண்டியதில்லை. எவ்வகை உடலிலும் ஜீவன் உண்டு, அவ்வுடல்களெல்லாம் எம்பெருமானிட்ட வழக்காய் இருக்கின்றன என்பதில் வேதத்துக்கு நோக்கு. புழு பிறக்கும் முறையை அளந்து சொல்வதில் அன்று. கண்ணால் காணக்கூடியதற்கு ப்ரத்யக்ஷமே ப்ரமாணம். ப்ரத்யக்ஷமும் அநுமானமும் எட்டாததை உணர்த்துவதே சாஸ்த்ரத்தின் காரியம்.

மற்றொன்று, ஆராய்ச்சி முறையை தர்சனமாக ஆக்கிவிடுவது. உடலமைப்பு இவ்வாறு உண்டாயிற்று என்று ஒருவர் சொல்லும்வரையில் அவரோடு நமக்கு வழக்கில்லை. ‘ஆகவே இவ்வமைப்புக்கு மேற்பட்ட சேதநன் இல்லை’ என்று அவர் சொல்லும்போது, அவர் வெற்றிலையும் சுண்ணாம்பும் காட்டிய சார்வாகர் பக்கம் போய்ச் சேர்கிறார். அங்கே நமக்கும் அவருக்கும் மெய்யான மாறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வெற்றிலைச் சிவப்பு, பார்ப்பவனுக்குத் தோன்றுகிறதேயொழியத் தனக்குத் தான் தோன்றுவதில்லை. ‘நான்’ என்பதோ தனக்குத் தானே தோன்றுகிறது. கையோ காலோ போனாலும் நான் குறைவதில்லை. குழந்தையாய் இருந்தவன் நானே என்று முதுமையிலும் நினைவு இருக்கிறது. பல உறுப்புகளின் கூட்டமாகிய உடலை ‘என் உடல்’ என்கிறேன். ஆளவந்தார் தொடங்கி நம் ஆசார்யர்கள் காட்டிய இவ்வழியை எந்த ரசாயனச் சோதனையும் தொட்டதாகச் சொல்ல முடியாது. அது ரசாயனத்தின் விஷயமே அன்று.

ஆய்வுச்சாலையில் ஒருநாள் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் ஓர் உயிரணுவை அமைத்துவிட்டாலும் என்ன ஆகும்? ஒரு ஜீவன் புகுந்து இருப்பதற்குத் தக்கதோர் உடல் அமைந்தது என்றே நாம் கொள்வோம். வயலில் விதைப்பவன் அங்குரத்தைப் படைப்பதில்லை. அது முளைப்பதற்கு வேண்டியவற்றைச் சேர்க்கிறான். அதுபோலவே இதுவும். திருவாய்மொழியின் முதல் பத்து முதல் திருவாய்மொழியில், ஏழாம் பாசுரத்தில், பூதங்களாலான எல்லாப் பொருள்களிலும் எம்பெருமான், உடலுக்குள் உயிர் போல, மறைந்து பரந்து இருக்கிறான் என்று ஆழ்வார் அருளிச்செய்தார். ஆய்வுச்சாலைக் கலத்தில் உள்ள பொருள் அந்த ‘எல்லாப் பொருள்களுக்கும்’ புறம்பானதன்று.

6. படைப்பைச் சொன்னது எதற்காக

கடைசியாக, ஆழ்வார் இதைச் சொன்ன இடத்தை நோக்க வேண்டும். படைப்பு எப்படி நிகழ்ந்தது என்று கற்பிப்பதற்காக அவர் அப்பாசுரத்தைப் பாடவில்லை. அதற்காகப் பாடியிருந்தால் அது திருக்குருகூரில் வந்து முடியவேண்டிய அவசியம் இல்லை. உடலும் கண்ணும் செவியும் வாக்கும் அவன் கொடுத்தவை. கொடுத்தவன் எட்டாத இடத்தில் இல்லை, மாட மாளிகை சூழ்ந்த ஓர் ஊரில், கண்ணால் காணும்படி நிற்கிறான். கொடுத்த கண்ணைக்கொண்டு அவனைக் காணாமல் வேறிடம் தேடுகிறீர்களே என்பதே அவர் வருத்தம். கரணமும் களேபரமும் இழந்து கிடந்த நமக்கு அவற்றைத் தந்தது க்ருபையாலே. தந்ததைக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்பதே பாசுரம் நம்மைக் கேட்கும் கேள்வி. இதற்கு விடை எந்தக் கடலடி ஊற்றிலும் கிடைக்காது.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளையிடம் முதலில், “போன வாரம் அடியேன் சொன்னது தவறு” என்றேன். பிறகு மேற்சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். “அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் பெருமாளுக்கு ஒன்றும் ஆகாது. அவருடைய திருமேனியின் ஒரு பகுதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டோம் என்று சந்தோஷப்படு. நன்றாகப் படி” என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்து, “அப்போது நான் பயோகெமிஸ்ட்ரி படிக்கலாமா, ஸ்வாமி?” என்று கேட்டான். அவன் கேட்க நினைத்த கேள்வி முதலிலிருந்தே இதுதானோ என்று அடியேனுக்கு அப்போதுதான் தோன்றிற்று. தான் விரும்பும் படிப்பு தன் பெருமாளுக்கு விரோதமாகுமோ என்று அவன் அஞ்சியிருக்கிறான். அந்த அச்சத்தை நம் பிள்ளைகளுக்கு உண்டாக்கியது விஞ்ஞானம் அன்று. நாம் ஆலோசியாமல் சொன்ன விடைகளே.

ஆகையால் வாசகர்களிடம் அடியேனுடைய ப்ரார்த்தனை ஒன்றே. பிள்ளைகள் கேட்டால் கோபிக்க வேண்டா. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவும் வேண்டா. விஞ்ஞானம் சொல்வதை உள்ளபடி கேட்போம். ஆசார்யர்கள் சொன்னதையும் உள்ளபடி கற்போம். இரண்டையும் கற்ற பிள்ளை திருக்குருகூர் ஸந்நிதியில் நிற்கும்போது, தன்னைக் கொண்டுவந்து நிறுத்திய கால்களும், சேவிக்கும் கண்களும் எவ்வளவு நெடிய ஏற்பாட்டின் பயன் என்பதை நம்மைக்காட்டிலும் நன்றாக அறிந்து கைகூப்புவான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.